உழைப்பின் நிறைவு: நடுநாட்டு நாவல்கள் இரண்டை முன்வைத்து

மே முதல் நாள் திருப்பலியில் தொழிலாளரான புனித சூசையப்பரை நினைவுகூரும்போது வாசிக்கத் தரப்பட்டுள்ள பகுதிகளுள் ஒன்று, கொலோசையர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. செய்யும் வேலை எதுவாயினும் அதை ஆண்டவருக்குச் செய்வதாகக் கருதி மனமுவந்து செய்யுமாறு பவுலடியார் அறிவுறுத்தும் பகுதி அது. வாசகத்திற்கென 14, 15, 17, 23, 24 ஆகிய வசனங்கள் தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. 22ஆம் வசனம் இல்லை. அறிவுரை யாருக்குக் கூறப்பட்டது என்பதை அந்த விடுபட்ட வசனமே தெரிவிக்கிறது: அது அடிமைகளுக்குக் கூறப்பட்டது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமும் வாசகத்தில் இல்லை. அடிமைகளுக்கு நீதியானதையும் நேர்மையானதையும் செய்யத் தலைவர்கள் கடமைப்பட்டவர்கள், அவர்களுக்கும் விண்ணகத்தில் ஒரு தலைவர் உண்டு என்று உடையவர்களை நோக்கித் திரும்பும் வசனம் அது. அதிகாரப் பிரிவு பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. பவுலின் மடலில் இவ்விரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

வாசகத்தைத் தொகுத்தவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. திருப்பலி வாசகம் சுருக்கமாகத்தான் இருக்க முடியும். ஆனால் வாசகம் நின்ற இடத்திலேயே மறையுரையும் நின்றுவிடும்போதுதான் கவலை பிறக்கிறது. தச்சுப்பட்டறையில் முணுமுணுக்காமல் உழைத்த சூசையப்பர், கிடைத்த வேலையை மகிழ்வோடு செய்த நாசரேத்துக் குடும்பம், ஆகவே நீங்களும் உங்கள் வேலையில் மனநிறைவு காணுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் இறைமக்கள் கேட்கிறார்கள். அதே நாளில் தெருமுனையில் இன்னொரு மேடை போடப்படுகிறது. அங்கே உழைப்பு என்றால் சுரண்டல், வியர்வை என்றால் கண்ணீர். ஒரு மேடை தொழிலாளியை முனிவராக்குகிறது. மற்றது அவரைப் பலியாடாக்குகிறது. காலை ஷிப்டுக்கு அவர் எழுந்து போய் என்னதான் செய்கிறார் என்று உற்றுநோக்க இரண்டுக்கும் பொழுதில்லை.

அன்றாட வேலையில் ஒருவர் நிறைவு காண முடியுமா, அவ்வேலை அவருக்கு ஏதேனும் வாய்ப்பைத் திறக்குமா என்ற கேள்விக்கு மேடைகளைவிட நல்ல விடை சில நாவல்களில் உள்ளது என்பது நம் எண்ணம். அவற்றுள் இரண்டைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேச விழைகிறோம். இரண்டும் விருத்தாசலத்தைச் சுற்றிய நடுநாட்டு மண்ணில் பிறந்தவை. நெய்வேலியிலிருந்து பேருந்தேறினால் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய ஊர்களின் பேச்சில் எழுதப்பட்டவை.

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்கு இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கண்ட கறுத்த பொருளில் தொடங்கி, 1956இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில்பட்ட வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆனால் அந்நிலக்கரியை நாள்தோறும் வெளிக்கொணரும் வேலையின் தன்மை நகரியத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. நிலக்கரிப் படுகைக்கு மேலே மலைமலையாக மண். படுகைக்குக் கீழேயோ அழுத்தத்தோடு மேலே பீறிட நிற்கும் நிலத்தடி நீர். மேல்மண்ணை ‘பக்கெட் வீல்’ எனப்படும் இராட்சத இயந்திரங்கள் வெட்டி வீழ்த்துகின்றன. அவற்றைப் படம்பிடிக்க விருந்தினர் வருவர். கீழ்நீரைப் பம்புகள் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கின்றன; அவற்றைப் படம்பிடிக்க யாரும் வருவதில்லை. பம்புகள் நின்றால் நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். ஆகவே பம்பு காக்கும் தொழிலாளியின் உழைப்புக்குக் கிடைக்கும் பலன், ‘இன்றைக்கும் ஒன்றும் நேரவில்லை’ என்பதுதான். ஒன்றும் நேராதிருப்பதைத் தன் கைவேலையாகக் கொண்டவனுக்கு எத்தகைய நிறைவு இருக்க முடியும்? இருக்கிறது என்றே சொல்வோம். மோட்டாரின் ஓசை சற்று மாறினாலும் உறக்கத்திலிருந்து விழித்துக்கொள்ளும் செவி ஒரு சாதனை. அதனை உடையவருக்கு அது தெரியும்.

ஆயின் அதே நகரியத்தில் வேறொரு செய்தியும் உண்டு. இங்கே ஒருவரைப் பற்றி விசாரிப்போர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன் ‘பர்மனென்டா, சொசைட்டியா, கான்ட்ராக்டா’ என்று கேட்டுவிடுவர். பெண் பார்க்கும் வீட்டிலும் அதுவே முதற்கேள்வி. ஒரே கன்வேயரின் அடியில் ஒரே ஷிப்டில் சிந்திய மண்ணை வாரும் இருவரின் கையிலுள்ள மண்வெட்டி ஒன்றே. மாத முடிவில் கைக்கு வரும் தொகை ஒன்றன்று. பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர் 2014இலும், மீண்டும் 2023 ஜூலையிலும் வேலைநிறுத்தம் செய்ததை நாடறியும். 2020 மே மாதமும் ஜூலை முதல் நாளும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் மாண்டோருள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தனர். நெருப்பு அவர்களின் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்க்கவில்லை. இந்நகரில் நின்று ‘உன் வேலையில் நிறைவு கொள்’ என்று சொல்லுமுன் எவரும் சற்றே தயங்கத்தான் வேண்டும். அதேவேளை, இங்கே நிறைவே இல்லை என்று சொல்வோர் பம்புக் கொட்டகையில் ஓர் இரவும் கழித்திராதவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விவிலியத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சீராக்கின் ஞான நூலில் முப்பத்தெட்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியை நம்மில் பலர் படித்ததில்லை; பிரிந்த சகோதரர்களின் விவிலியத்தில் அந்நூலே இல்லை. உழவன், முத்திரை செதுக்குவோன், கொல்லன், குயவன் ஆகியோரை அவர் வரிசையாகக் காட்டுகிறார். கொல்லனை அவர் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். உலைச்சூட்டில் அவன் உடல் காய்கிறது. சம்மட்டியின் ஓசை அவன் செவியை நிறைக்கிறது. அவன் கண்ணோ செய்துகொண்டிருக்கும் கலத்தின் வடிவை விட்டு அகலவில்லை. அதனைக் குறையின்றி முடிக்கும்வரை அவனுக்கு உறக்கம் இல்லை. உடலின் துன்பமும் கண்ணின் காதலும் ஒரே மனிதனிடத்தில், ஒரே வேளையில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கவில்லை. பின்னர், இவர்கள் இல்லாமல் நகரில் யாரும் குடியிருக்க முடியாது, ஆனாலும் இவர்களை ஊர் மன்றத்துக்கு அழைப்பாரில்லை என்கிறார். இதனை அவர் கண்டிக்கவில்லை. மறைநூல் அறிஞர் என்ற முறையில் தம் வகுப்பின் மேன்மையைப் பேச வந்தவர் அவர். எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதிவிட்டார். அவர்களது வேலையே அவர்களது மன்றாட்டு என்ற கருத்தோடு அப்பகுதியை முடிக்கவும் செய்கிறார். உழைப்பைப் பற்றிய இலக்கியத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தேவையில்லை.

அவ்வளவுகோலால் நம் பழைய தொழிலாளர் நாவல்களை அளந்தால் பெரும்பாலும் ஒரு பக்கமே தாழ்கிறது. தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நெசவாளர் துயரை நெஞ்சில் தைக்குமாறு சொன்ன நூல். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே சென்று கண்டறிந்து எழுதப்பட்டது. அவ்வாறு களத்துக்குச் சென்று எழுதும் பொறுப்பை அவரிடமிருந்து பலர் கற்கலாம். இவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்நூல்களில் பசியின் குரல் ஓங்குமளவுக்குத் தறியின் ஓசை கேட்பதில்லை. பாவோட்டுகிறவனின் விரல்கள் அறிந்ததென்ன, உப்புப் பாத்தியில் நீர் பதம் பெற்றதைக் கண் எவ்வாறு அறிகிறது என்பவை பின்னணிக்குப் போய்விடுகின்றன. தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்டதைச் சொல்லும் அவசரத்தில், எவராலும் பறிக்க முடியாதபடி அவரிடம் எஞ்சியிருந்ததைச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

இனி இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலுக்கு வருவோம். 1994இல் வெளிவந்த இந்நாவல் தமிழ்க் கத்தோலிக்கரின் நேரடிக் கவனத்துக்குரியது. ஆனால் நம் பத்திரிகைகளில் இதைப் பற்றிய பேச்சு போதிய அளவு எழவில்லை என்பது வியப்பே. இதன் நாயகி பெயர் ஆரோக்கியம். கணவர் சவுரி. பிள்ளைகள் சோசப்பு, பீட்டர், மேரி. ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். தொழிலோ, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் தொழில். ஒடுக்கப்பட்டோர்க்கும் கீழே ஒடுக்கப்பட்டவர்கள் இவர்கள். ஞானஸ்நானம் இவர்களின் பெயரை மாற்றியது. இரவில் சோற்றுக்கு ஏந்திச் செல்லும் கலயத்தை மாற்றவில்லை. நாவலாசிரியர் இதனை எங்கும் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அப்பெயர்களை மட்டும் நம்முன் நிறுத்திவிட்டுக் கதையைத் தொடர்கிறார். ஞாயிறுதோறும் அப்பெயர்களைப் புனிதர் பிரார்த்தனையில் பாடுகிற நமக்கு அதுவே போதுமானது.

ஆரோக்கியம் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். வீடுகள்தோறும் அழுக்குத் துணி எடுப்பது, வெளுப்பது, உலர்த்தித் திருப்பித் தருவது, பேறுகாலத்தில் பிள்ளை வாங்குவது, இழவு வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் செய்வது, அறுவடைக் களத்தில் தூற்றுவது, இரவில் வீட்டுக்கு வீடு சோறு வாங்குவது. ஓர் ஊரின் பிறப்பும் இறப்பும் விளைச்சலும் இவளது கை படாமல் நடப்பதில்லை. சீராக் சொன்ன அதே நிலை: இவளின்றி ஊரில்லை, ஊரின் சபையில் இவளில்லை. இவ்வேலைகளை ஆசிரியர் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் என்பதில்தான் இந்நாவலின் பெருமை அடங்கியிருக்கிறது. பரிதாபத்தை வரவழைக்க நினைக்கும் எழுத்தாளர் இவ்வளவு விவரத்தைத் தரமாட்டார். விவரம் பரிதாபத்துக்கு இடையூறு. களத்தில் தூற்றும் ஆரோக்கியத்தை, பிள்ளைபெற்ற தாயின் அருகில் நிற்கும் ஆரோக்கியத்தைக் காணும்போது நமக்கு அவள்மீது இரக்கம் தோன்றுவதற்கு முன் மதிப்புத் தோன்றுகிறது. அவளுக்கு அவ்வேலை தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்நிறைவே அவளைக் கட்டியும் போடுகிறது. வேறெங்காவது போய்ப் பிழைக்கலாம் என்ற பேச்சு எழும்போது அவள் மனம் ஒப்புவதில்லை. இந்த ஊர், இந்தச் சனங்கள், இவர்களுக்குத் தான் செய்யும் வேலை ஆகியவையே அவள் உலகம். மூத்த மகன் சோசப்பு மனைவியோடு சின்னசேலத்துக்குப் போய்விடுகிறான். அவனைப் பொறுத்தவரை சலவைத் தொழிலைச் செய்வதில் இழிவில்லை. அதனைக் கூலியின்றிக் குடிமைக் கடமையாகச் செய்வதிலேயே இழிவு. துணி அதே துணிதான். நகரத்தில் அதற்கு விலையுண்டு, வாடிக்கையாளர் உண்டு, வேண்டாமென்றால் மறுக்கும் உரிமையுண்டு. அன்றாட வேலையில் ‘வாய்ப்பு’ என்று பேசுகிறோமே, அதன் பொருளை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் தமிழ் நாவலில் அரிது. தாயின் கண்ணுக்கு மகன் உறவை முறித்துக்கொண்டவன். மகன் கண்ணுக்குத் தாய் விலங்கை நகையென்று எண்ணிக்கொண்டவள். ஆசிரியர் எவர் பக்கமும் சாய்ந்து தீர்ப்பெழுதவில்லை. வாசிக்கும் நாமும் எளிதில் சாய முடிவதில்லை.

மகள் மேரிக்கு நேர்வதை இங்கே விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. தொழில் நிமித்தமாகச் சென்ற இடத்தில் அவள் சிதைக்கப்படுகிறாள். முறையிட அக்குடும்பத்துக்கு ஊரில் ஓர் இடமில்லை. மனநிறைவைப் போதிக்கும் எந்த மறையுரையும் இப்பக்கத்தைக் கடந்து வந்தாக வேண்டும். ஒருவருடைய உழைப்பு அவரைக் காவலற்ற இடங்களுக்கு அனுப்புமானால், அவ்வுழைப்பில் அவர் கண்ட நிறைவைக் காட்டி அந்த அநீதியை மூடிவிட முடியாது. ஆரோக்கியத்தின் நிறைவு உண்மையானது, அது அவளுடையது. ஊரார் அதனைத் தங்களுக்கு அளிக்கப்பட்ட நற்சான்றாகக் கொள்ள உரிமையில்லை.

காலம் மாறுகிறது. துணி வெளுக்கவும் தைக்கவும் நகரத்துக் கடைகள் வருகின்றன. களத்தில் அளந்த தானியம் குறைகிறது. கொடுக்கிற கை முணுமுணுக்கிறது. தொழிலின் இழிவு நீங்குவதற்கு முன்பாகவே தொழில் நீங்குகிறது. கோவேறு கழுதைக்குச் சந்ததியில்லை என்பதை நினைவிற்கொண்டு தலைப்பை மறுபடி படித்தால் அதன் ஆழம் விளங்கும். நாவல் வெளிவந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே நிலவும் ஒடுக்குமுறையைக் காட்டியது முறையா என்று கடும் விவாதம் எழுந்தது. நாம் அவ்விவாதத்தில் இறங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம்: படிப்பவர் எந்தப் படியில் நிற்பவராயினும் தமக்குக் கீழே ஒரு படி உண்டு என்பதை நினைவூட்டும் நூல், நிரந்தரம், சொசைட்டி, கான்ட்ராக்ட் என்று படிகட்டி வாழும் நகரியத்துக்குத் தேவையான நூலே.

குறை ஒன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆரோக்கியத்தின் புலம்பல் சில இடங்களில் அளவுக்கு மேல் நீள்கிறது. ஒப்பாரி நடுநாட்டுப் பெண்களின் இயல்பான மொழிதான் என்றாலும், அவள் மௌனமாய் வேலைசெய்யும் பக்கங்களே நம்மை அதிகம் அசைக்கின்றன.

கண்மணி குணசேகரனின் உலகம் வேறு. விருத்தாசலம் அருகே மணக்கொல்லை என்னும் சிற்றூரில் பிறந்து, அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இயந்திரப் பணியாளராக வேலைபார்த்தவர் அவர். கிரீசும் டீசலும் படிந்த கையோடு எழுதியவர் என்று அவரைப் புகழ்வோர் உண்டு. அப்புகழ்ச்சியில் ஒரு வியப்புத் தொனி இருப்பதை நாம் ரசிக்கவில்லை. பணிமனைக்காரர் எழுதுவது வியப்பென்றால், எழுதுவது யாருடைய வேலை என்று நினைத்திருந்தோம்? அவருடைய ‘நெடுஞ்சாலை’ நாவல் போக்குவரத்துக் கழகத்தில் தற்காலிகப் பணியாளராக இருக்கும் ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர் ஆகியோரின் வாழ்வைச் சொல்கிறது. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்து இந்நாவலுக்குப் பிறகு வேறொன்றாகத் தெரிகிறது.

தற்காலிகப் பணியாளருக்கு அன்றாடம் வேலை உண்டா என்பதே அன்றாடக் கேள்வி. நிரந்தரப் பணியாளர் வராவிட்டால் இவருக்கு வேலை. அவர் வந்துவிட்டால் இவர் வீடு திரும்ப வேண்டும். இத்தகையவர் பேருந்தை அக்கறையின்றி ஓட்டுவார், பழுதைப் பேருக்குப் பார்ப்பார் என்றுதான் கணக்குப் பார்க்கும் அறிவு சொல்லும். இந்நாவலின் மனிதர்களோ அப்படியில்லை. வண்டியை அறிந்தவர்கள், அதன் நோயை ஓசையில் கண்டுபிடிப்பவர்கள், பழுது நீங்கி வண்டி சாலையில் இறங்கும்போது முகம் மலர்கிறவர்கள். தங்களை நிலையாக வைத்துக்கொள்ளாத நிறுவனத்தின் வண்டியை அவர்கள் தங்கள் வண்டியாக எண்ணிக்கொள்கிறார்கள். இது அடிமைத்தனமா, அன்பா? இரண்டும் அல்ல என்பது நம் கருத்து. செய்நேர்த்தி கைவந்தவர் அதனைக் கூலிக்கேற்பக் குறைத்துக்கொள்ள முடிவதில்லை. முடிந்தால் அவருடைய வாழ்க்கை எளிதாக இருக்கும். நிர்வாகங்கள் இதனை நன்கறிந்திருக்கின்றன. தற்காலிகமாக வைத்திருந்தாலும் வேலை நிரந்தரத் தரத்தில் நடக்கும் என்ற துணிவு அவற்றுக்கு எங்கிருந்து வருகிறது? தொழிலாளியின் இந்தப் பெருமிதத்திலிருந்துதான் வருகிறது. அவருடைய மிகச் சிறந்த பண்பே அவருக்கு எதிரான முதலீடாகிவிடுகிறது. நெய்வேலியில் இந்நாவலைப் படிப்போருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

விவரப் பெருக்கம் இந்நாவலின் வலிமையும் சுமையுமாகும். பணிமனையின் உதிரிபாகப் பெயர்களையும் பேச்சுவழக்கையும் நன்கறியாதவர்கள் சில பக்கங்களில் திணறக்கூடும். பொறுமையோடு கடந்தால் பலனுண்டு. ஒருவர் தம் தொழிலின் சொற்களைக் கற்றுத்தருகிறார் என்றால் தம் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார் என்றே பொருள்.

சொற்கள் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. இதே பணிமனைத் தொழிலாளர் 2007இல் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ என்ற நூலைத் தொகுத்து வெளியிட்டார். களத்திலும் கொல்லையிலும் தெருவிலும் சனங்கள் பேசும் சொற்களைத் திரட்டிப் பொருளெழுதிய வேலை அது. பல்கலைக்கழகத் துறை ஒன்று ஆட்களோடும் நிதியோடும் செய்திருக்க வேண்டியதை, ஷிப்டு பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் செய்தார். ‘கிடைத்த வேலையில் வாய்ப்பைத் தேடு’ என்று கூறும் முன்னேற்ற நூல்கள் நம் கடைகளில் மலிந்துள்ளன. அவை சொல்லும் வாய்ப்பு எப்போதும் ஏணியாகவே இருக்கிறது. இன்றைய வேலையை விட்டு மேலே போவதற்கான படியாகவே அவை அதனைப் பார்க்கின்றன. இவரோ எங்கும் ஏறவில்லை. இருந்த இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஏறும் கிழவியின் சொல்லும் அவருக்கு அகராதிச் சொல்லாயிற்று. வேலை தந்த வாய்ப்பு என்று இதனைச் சொல்வதா, வேலை பறிக்காமல் விட்ட வாய்ப்பு என்று சொல்வதா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். எட்டு மணி நேர வேலையும் ஓரளவு உறுதியான ஊதியமும் இல்லாமல், பன்னிரண்டு மணி நேரம் மண் வாரிவிட்டு வருபவரிடம் அகராதியை எதிர்பார்ப்பது அறமாகாது.

அவருடைய மற்றொரு நாவலான ‘வந்தாரங்குடி’ (2013) நெய்வேலியையே நேராக நோக்குவது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த சனங்களின் கதை. அதனைத் தனியே எழுத வேண்டும். இங்கே நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. நிலத்தை இழந்த குடும்பம் அதற்கு ஈடாக எதிர்பார்ப்பது பணத்தை மட்டுமன்று, ஒரு வேலையையும்தான். உழவும் ஒரு வேலைதானே. ஒரு வேலை போய் மற்றொரு வேலை வருகிறது என்று கணக்கர்கள் சொல்லக்கூடும். ஆனால் மானாவாரி மண்ணின் ஈரத்தைக் காலால் அறிந்தவரின் அறிவு, நிலம் போனதும் எவருக்கும் தேவைப்படாத அறிவாகிறது. ஐம்பது வயதில் அவர் சுரங்க வாயிலில் ஒன்றும் தெரியாத கூலியாக நிற்கிறார். கூலி கூடலாம். தெரிந்தவர் என்ற நிலை போய்விட்டது. இழப்பீட்டுப் பட்டியல் எதிலும் அதற்கென ஒரு பத்தி இல்லை.

திருச்சபையின் போதனை இதை அறியாததன்று. புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 செப்டம்பரில் வெளியிட்ட ‘லபோரம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடல், வேலை மனிதனுக்காகவே, மனிதன் வேலைக்காக அல்ல என்ற தெளிவில் நிற்கிறது. வேலையின் மதிப்பு முதலாவதாக அது எத்தகைய வேலை என்பதிலிருந்து வருவதில்லை. அதைச் செய்கிறவர் ஒரு மனிதர் என்பதிலிருந்து வருகிறது என்பது அதன் மையக் கருத்து. இதனை எழுதியவர் நூலகத்தில் மட்டும் உழைப்பைக் கற்றவரல்லர். நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் கிராக்கோவ் நகருக்கு அருகே கல்குவாரியிலும், பின்னர் சோல்வே இரசாயன ஆலையிலும் 1940 முதல் 1944 வரை தொழிலாளராக இருந்தவர். குவாரியைப் பற்றிக் கவிதையும் எழுதினார்; அதன் ஒரு பகுதி உடன் வேலைசெய்து மாண்ட தொழிலாளி ஒருவரின் நினைவுக்குரியது. கல்லின் கனமும் அதை உடைக்கும் கையின் திறனும் மாண்டவரின் இடமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. சுற்றுமடலைப் படிக்கும் குருக்கள் அக்கவிதையையும் படித்தால் நலம். 1891இல் ‘ரேரும் நோவாரும்’ வழங்கிய பதிமூன்றாம் லியோவின் பெயரை, அம்மடலை நினைவுகூர்ந்தே 2025இல் இன்றைய திருத்தந்தை தமக்குச் சூட்டிக்கொண்டார். பெயர் நினைவூட்டுகிறது. மறையுரைகளின் போக்கு மாறுகிறதா என்பதைப் பங்குகளிலேதான் பார்க்க வேண்டும்.

பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப்பு கார்டைன் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியபோது, காணுதல், தீர்மானித்தல், செயல்படுதல் என்ற ஒழுங்கைக் கற்பித்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசப்படுகிறது. முதலாவதுதான் கடினமானது. ஒருவர் தம் வேலையை எப்படிச் செய்கிறார் என்பதைக் காண, அவர் பக்கத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். அல்லது அப்படி நின்ற ஒருவர் எழுதியதைப் படிக்க வேண்டும். நாவலின் பயன் அங்கேதான்.

இந்நூல்களைப் பங்கு நூலகத்தில் வைக்கலாமா என்று கேட்போர் உண்டு. வசைச்சொற்கள் உள்ளன, இளைஞர் கையில் கொடுக்கத் தகுமா என்ற தயக்கம் அது. வசை உண்மைதான். களத்திலும் பணிமனையிலும் சனங்கள் பேசுவதை ஆசிரியர்கள் வடிகட்டவில்லை. அந்த இளைஞர்களுள் பாதிப்பேர் நாளைக் காலை ஆறு மணி ஷிப்டில் இதைவிடக் கடுமையான சொற்களைக் கேட்கப்போகிறவர்கள்; சிலர் அச்சொற்களின் இலக்காகவே இருப்பவர்கள். ‘கோவேறு கழுதைகள்’ நூலைச் சூசையப்பர் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ‘நெடுஞ்சாலை’யை முதலில் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், அடுத்து நிரந்தரப் பணியாளர் குடும்பங்களுக்கும் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இரு சாராரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்திப் பேசவைக்கலாம். கூட்டத்தின் தொடக்கத்தில் கொலோசையர் திருமுகத்தை வாசிப்பதானால், நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம்வரை வாசிக்கட்டும்.